வெட்டாத வீடியோ

பெட்டியைத் திறந்ததுமே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திரும்பி வந்திருந்த பீங்கான் ஜாடியின் மூடியில் குறுக்காக ஒரு விரிசல். ஜாடிக்குள் மூக்கை வைத்தால் காப்பித்தூள் வாசனை. ஆற அமரப் புழங்கி, கை தவறிக் கீழே போட்டுவிட்டு, உடைந்த பொருளை அனுப்பிவிட்டார்கள் என்று கூசாமல் புகார் எழுதியிருக்கிறாள் ஒரு மகராசி.

இது மூன்றாவது புகார். இதிலும் தோற்றால் இணையதளத்திலிருந்து அவள் கடையையே தூக்கிவிடுவார்கள். கட்டிலடியில் அடுக்கியிருக்கும் ஜாடிகளை அப்புறம் வைத்து அழகு பார்க்க வேண்டியதுதான்.

அனுப்பும்போது நன்றாகத்தான் இருந்தது என்று பதில் எழுதினாள். ஆதாரம் கேட்டார்கள். வெட்டாத முழு வீடியோ வேண்டுமாம்.

அவளிடமா ஆதாரம் இல்லை? ஒவ்வொரு பார்சலையும் போனை ஸ்டாண்டில் மாட்டிப் படம்பிடித்துத்தான் கட்டுவாள். மூடியைத் தட்டினால் 'ணங்' என்று கேட்க வேண்டும். கேட்டால் விரிசல் இல்லை. அந்தச் சத்தம் சுத்தமாகப் பதிய வேண்டுமென்பதால் அந்த நேரத்தில் வீட்டில் யாரும் மூச்சு விடக்கூடாது. நாலு வயது மகளுக்கே அது அத்துப்படி.

இந்தக் காலத்தில் யார் வாயிலிருந்து உண்மை வருகிறது? மகளின் காப்பகத்திலும் போன மாதம் இதே கூத்துதான். மாலையில் கூப்பிடப் போனால், பிள்ளை புது மஞ்சள் கவுனின் மடிப்பில் கையை ஒளித்துக்கொண்டு நின்றாள். சுண்டுவிரல் நசுங்கி, நகம் கறுத்திருந்தது. எப்படி என்று கேட்டால் வாயைத் திறக்கவில்லை. மிரட்டி வைத்திருக்கிறார்கள், வேறென்ன. பார்த்துக்கொள்ளும் அக்காவோ, காலையில் வரும்போதே அப்படித்தான் இருந்தது என்று சாதித்தாள்.

"எல்லாரும் சொல்றதுதான் இது. வீடியோ இருக்கா உங்ககிட்ட?" என்று மடக்கினாள் இவள்.

இல்லை. மறுநாளே அந்த அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அப்போதுதான் இவள் வயிறு குளிர்ந்தது.

தேடிப்பிடித்து வீடியோவை ஓடவிட்டாள். மூடியை எடுத்தாள், தட்டினாள். ணங்.

மாட்டினாயா என்று வாய்விட்டே சொன்னாள். இன்னொரு தரம் கேட்க ஆசையாக இருந்தது. சத்தத்தைக் கூட்டி மறுபடி ஓடவிட்டாள்.

இந்த முறை அந்த ணங்குக்கு முன்னால் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது.

குளியலறைக் கதவு. அன்றைக்கும் காதில் விழுந்ததுதான். காற்று என்று நினைத்ததோடு சரி. காலையில் பார்சல் வண்டி வந்துவிடுமே என்ற அவசரத்தில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

படத்தில் அவள் முதுகுக்குப் பின்னால் அதே புது மஞ்சள் கவுன். ஒரு கையை உதறிக்கொண்டு, இன்னொரு கையால் வாயை இறுக்கப் பொத்திக்கொண்டு, கண்ணீர் தாரை தாரையாக வழிய, சத்தமே இல்லாமல் மகள் குதித்துக்கொண்டிருந்தாள். முன்னால் இவள் மூடியைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த அக்கா பொய் சொல்லவில்லை.

முழு வீடியோவை இணைக்கவும் என்று திரை கேட்டுக்கொண்டே இருந்தது. மகளைக் கூப்பிட்டாள்.

ஓடி வந்த பிள்ளை, அம்மா கையில் போனைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். கிசுகிசுப்பாகக் கேட்டாள்.

"ரெக்கார்டிங் ஓடுதாம்மா?"