பத்துக் கோடி வருஷத்துச் சாட்சி

"மேடைக்கு நடுவுல நல்லா எடம் விட்டுருங்கண்ணே. பத்துக் கோடி வயசு ஆனவரு ஒருத்தரு உக்காரப் போறாரு" என்றான் வீரமணி.

அரியலூர்க் கல்யாண மண்டபத்தில் டேப்பைப் பிடித்து மேடையை அளந்துகொண்டிருந்த அலங்காரக்காரர் மணிவண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "மாப்பிள்ளையவிடக் கொஞ்சம் மூத்தவரா இருப்பாரு போல சார்" என்றார்.

வீரமணி சிரிக்கவில்லை. முப்பத்து மூன்று வயதில் பெண் கிடைத்திருக்கிற அறிவியல் வாத்தியாருக்கு, வயதை வைத்துச் செய்யும் வேடிக்கை எதுவும் பிடிப்பதில்லை. பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து, துண்டு விரித்து, தூங்குகிற குழந்தையைக் கிடத்துவது போல மேடையில் வைத்தான்.

தாம்பாளம் அகலம் இருந்தது கல். நத்தை ஓடு போலச் சுருண்டு, ஓரமெல்லாம் வரி வரியாக இருந்தது. "இந்த ஊரெல்லாம் கடலா இருந்தப்ப வாழ்ந்த உசுருண்ணே. ஓடு அப்படியே கல்லாயிருச்சு" என்றான். மணிவண்ணன் சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பன்னிரண்டு வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடாமல் இப்படி ஒரு கல்லைத் தேடி ஓடை ஓடையாக அலைந்தவன் வீரமணி. ஊரில் அவனுக்குக் கல்லு வாத்தியார் என்றே பெயர். அலைந்து அலைந்து அவனுக்குக் கிடைத்ததெல்லாம் உடைந்த பாதிகள்தான்.

முழுசாக ஒன்றைக் கையில் கொடுத்தவள் கலையரசி. ஆலத்தியூர் சிமெண்டு ஆலையில் பரிசோதனைக்கூடத்தில் வேலை. பள்ளிப் பிள்ளைகளை ஆலையைச் சுற்றிக் காட்டக் கூட்டிப்போன அன்று அறிமுகமானவள், இன்னும் பத்து நாளில் அவன் மனைவி.

அந்த நன்றியில் கல்யாணத்தையே கல்லைச் சுற்றித் திட்டமிட்டிருந்தான். வாசல் வளைவு சுருள், மேடைப் பின்னணி சுருள், வரவேற்புக் கோலம் சுருள். ஜாங்கிரியும் முறுக்கும் மட்டும் யாரும் சொல்லாமலே சுருளாக அமைந்துவிட்டன. பத்திரிகையில், 'பத்துக் கோடி வருஷத்துச் சாட்சியின் முன்னிலையில்' என்று அச்சடித்து, பெரம்பலூர் வரைக்கும் கொடுத்தாகிவிட்டது.

ஒரே குறை, பெண்ணுக்கு இதில் ஒன்றும் பிடிக்கவில்லை. "மேடையில வேணாங்க, அது வூட்டுலயே இருக்கட்டும்" என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போதும் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"அலங்காரத் தீம்னா ரெண்டு பேரு ஆசையும் வரணுமே சார். மேடத்துக்கு எதுல இஷ்டம்?" என்று கேட்டார் மணிவண்ணன்.

"அவ மாடியில அச்சு வச்சுப் பூந்தொட்டி செய்வா. வாசல்ல நாலு தொட்டி வச்சிருங்க, போதும்" என்றான் வீரமணி பெருந்தன்மையாக.

கலையரசி ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டாள். அதைப் பார்த்ததும் வீரமணிக்குப் பழைய நாள் ஒன்று ஞாபகம் வந்தது.

"என்னைக் கட்டிக்கிறியா?" என்று கேட்ட அன்றும் அவள் இப்படித்தான் வாயை மூடிக்கொண்டாள். அப்புறம், "இருபத்தெட்டு நாள் பொறுங்க" என்றாள். அவன் காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டே வந்தான். இருபத்தெட்டாம் நாள் அவள் ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டியதுதான் இந்தக் கல்.

எங்கே எடுத்தாய் என்று அவன் கேட்கவே இல்லை. சாக்கு ஈரமாக இருந்ததை வைத்தே, கீழப்பழுவூர்ப் பக்கத்து ஓடையில் எடுத்தது என்று தானே கண்டுபிடித்துவிட்டான். அறிவியல் வாத்தியார் என்றால் சும்மாவா?

செல்போன் அடித்தது. பேசி முடித்துத் திரும்பியவன் முகத்தில் அத்தனை பல்லும் தெரிந்தது. "கலை! திருச்சிப் பேராசிரியரு கல்யாணத்துக்கு வராராம்! நாப்பது வருஷமா கல்லப் படிச்சவரு. லென்ஸோட வந்து மேடையிலயே நம்ம கல்லப் பாத்து, மைக்கப் புடிச்சுப் பேசறேன்னுட்டாரு!"

கலையரசி எழுந்தேவிட்டாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. "அவர வரச் சொல்லாதீங்க. இதெல்லாம் வேணாங்க, சொன்னாக் கேளுங்க."

மணிவண்ணன் நாகரிகமானவர். டேப்பைச் சுருட்டிக்கொண்டு வாசலை அளக்கப் போய்விட்டார்.

வீரமணி மேடைப் படியில் உட்கார்ந்தான். பத்துக் கோடி வருடத்துக்கு முந்தி நடந்ததெல்லாம் தெரிந்த தனக்கு, பக்கத்தில் நிற்பவள் மனசு தெரியவில்லையே என்று தன்னையே நொந்துகொண்டான். இப்படி ஒரு மடையனை எந்த ஓடையில் தேடினாலும் எடுக்க முடியாது என்று தோன்றியது.

"கலை, மறைக்காமச் சொல்லு. என்னைப் பிடிக்காமதான் ஒத்துக்கிட்டியா?" என்று கேட்டான். "சரின்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு இருபத்தெட்டு நாள் யோசிச்சவதானே நீ? நான்தான் கல்லப் பாத்த சந்தோஷத்துல உன் முகத்தப் பாக்கல. இப்பச் சொன்னாலும் நிறுத்திடலாம். நான் எப்படியும் சமாளிச்சுக்குவேன்."

கலையரசி அவனைப் பார்த்தாள். கல்லைப் பார்த்தாள். மறுபடி அவனைப் பார்த்தபோது அவள் கண்ணில் தண்ணீரும் உதட்டில் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அவன் பக்கத்தில் படியில் வந்து உட்கார்ந்தாள்.

"யோசிக்கவே இல்லீங்க. நீங்க கேட்ட அன்னைக்கே என் பதில் ரெடி" என்றாள். "சிமெண்டு இறுகத்தான் இருபத்தெட்டு நாளு ஆச்சு."