பதினேழாம் கேள்வி

பத்து வருடத்துக்கு முந்தைய கணக்கெடுப்பில் கேட்ட கேள்விகளையே அதே ஆட்களிடம் ஒரு சொல் மாற்றாமல் கேட்க வேண்டும், அப்போதுதான் அன்றைய பதிலையும் இன்றைய பதிலையும் ஒப்பிட முடியும் என்று எஸ்தரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கல்குவாரியில் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்த சடைச்சியிடம் அவள் பதினேழாம் கேள்வியை வாசித்தாள்.

"உடம்புக்கு முடியாதபோது உங்களைக் கவனித்துக்கொள்வது யார்?"

சடைச்சியின் சுத்தியல் நின்றது.

"இதேதான் அன்னைக்கும் கேட்டாங்க. அன்னைக்குக் காலையில எங்களுக்குள்ள சண்டை. ஒரு நாதியும் இல்லைன்னுட்டேன். அந்தாளு பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு." சற்றுத் தள்ளிப் பாறை பிளந்துகொண்டிருந்த கணவனைக் காட்டினாள். "அதுலருந்து நான் தும்முனாலே சுடுதண்ணி வச்சிருவாரு. ஏன் அப்படிச் சொன்னேன்னு வாயத் தொறந்து கேட்டதில்ல. அந்தப் பதில அழிச்சிரு தாயி."

"பழச அழிக்க முடியாதுக்கா."

"அப்ப இன்னொருக்கா கேளு. சத்தமாக் கேளு. வெடி வச்சு வச்சு அவருக்குக் காது மந்தம்."

எஸ்தர் எழுந்து நின்று, ஒரு சொல் மாற்றாமல், தொண்டை கிழியக் கத்தினாள். சம்மட்டியை ஓங்கிய மனுஷன் அப்படியே திரும்பிப் பார்த்தார். சடைச்சி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டாள்.