பெற்றோர் கட்டுப்பாடு

2025ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் பத்தாம் நாள். பள்ளிபாளையத்தில் காலை முதல் பிடித்த தூறல் மாலையிலும் விட்டபாடில்லை.

கடைக்குப் போவதாகச் சொல்லி வந்த சென்னியம்மாள், நனைந்த குடையோடு இணையச் சேவை அலுவலகத்துள் நுழைந்தார். இம்மாதத்தில் இது மூன்றாம் முறை; முன்னிரு முறையும் அலுவலகம் பூட்டியிருந்தது. பில்லைப் பிரிக்கும்போதே அவருக்கு அலுப்புத் தட்டியது.

மாதக் கட்டணம் புரிந்தது, வரியும் புரிந்தது. அவற்றின்கீழ் ‘பெற்றோர் கட்டுப்பாடு: ரூ.99’ என்றிருந்ததுதான் புரியவில்லை. காசு போனால் போகட்டும். அந்தக் கட்டணம் சேர்ந்த நாள்முதல், இரவு எட்டு மணி அடித்தால் அவருடைய போனில் நெட் படுத்துவிடுகிறது, ஒன்பதுக்குத்தான் எழுகிறது.

மகன் ஜெயபிரகாஷ் வீட்டை விட்டுத் தறிப்பட்டறைக்குப் போகும் நேரம் அது ஒன்றுதான். அந்நேரத்தில்தான் அவர் மகள் நர்மதாவைத் திரையில் கண்டு பேசுவது வழக்கம். வேறு சாதியில் மணம் முடித்து, ஆற்றுக்கு அக்கரையில் ஈரோட்டில் வாழும் அவளோடு யாரும் பேசக் கூடாது என்பது ஜெயபிரகாஷின் கட்டளை. வீட்டில் நெட் இருக்கையில் ரீசார்ஜ் எதற்கு என்று அதையும் அவன் நிறுத்தியிருந்தான்.

முந்தாநாள் ஈரோடு பெரியாஸ்பத்திரியில் நர்மதாவுக்குப் பெண் குழந்தை பிறந்ததாகப் பக்கத்து வீட்டு மஞ்சுளா காதோடு சொல்லிப் போனாள். பேத்தியின் முகத்தை இன்னும் பார்த்தபாடில்லை. நெட்டைப் பற்றி மகனிடம் கேட்டபோதெல்லாம், கம்பெனிக்காரன் கோளாறு, தானே பேசிக்கொள்வதாகச் சொன்னான்.

அலுவலகத்தில் இருந்த இலக்கியா என்னும் பெண், மூடும் நேரத்தில் வந்துவிட்டாரே என்ற களைப்போடு பில்லை வாங்கிப் பார்த்தாள்.

“கொழந்தைங்க நேரங்காலமில்லாம போன் பாக்காம இருக்கப் பெத்தவிங்க கேட்டு வாங்கறதுங்கம்மா இது.”

“எங்கூட்டுல ஏது கண்ணு கொழந்தை? நானும் பையனுந்தான். அவனுக்கு இன்னும் கண்ணாலமே ஆவுல. இல்லாத கொழந்தைக்கு எதுக்குக் காசு?”

நியாயந்தான் என்று இலக்கியா கணினியைத் தட்டினாள். திரையைப் படித்தவள், அதையே மறுபடியும் படித்தாள்.

“உங்க பையன்தானுங்க கேட்டு வாங்கியிருக்கறாரு. எட்டுல இருந்து ஒம்போது வரைக்கும், ஒரே ஒரு போனுக்கு.”

“ஆரு போனுக்கு?”

“பேரு… ‘அம்மா’ன்னு போட்டிருக்குதுங்க.”

சென்னியம்மாள் பில்லை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். பில்லில் தப்பேதும் இல்லை என்று அந்தப் பெண்ணுக்கே ஆறுதல் கூறிவிட்டுக் குடையை விரித்தார்.

வீட்டுக்குத் திரும்பும் தெருவை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆற்றுப்பாலம் கடக்கும் பேருந்தில் ஏறி அமர்ந்து, நடத்துநரிடம் சில்லறையை நீட்டினார்.

“பெரியாஸ்பத்திரிக்கு ஒண்ணு குடு சாமி.”

அப்போது மணி இரவு எட்டு.