பெர்சிக்கு ஒரு பதில்

தேயிலை எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டின் முன்னறையில் நாலு பேர் இருந்தார்கள். கட்டிலில் பிச்சைமணி, வாசற்படியில் அவர் மனைவி சந்தனம், இருந்த ஒரே நாற்காலியில் அவள் தம்பி வேல்முருகன், தரையில் பரீட்சை அட்டையும் வெள்ளைத்தாளுமாக மகள் மாரீஸ்வரி.

ஹோம்ஸ்டே நடத்திவந்த பெர்சியின் வீட்டை வாங்குவதா, வேண்டாமா என்று இன்றைக்குள் சொல்லியாக வேண்டும். வாய்ப்பேச்சில் சரி என்றுவிட்டு இரண்டு பேர் நழுவிவிட்டதால், பெர்சி எழுத்தில்தான் பதில் கேட்டிருந்தார்.

"சூரியநெல்லியில இந்த விலைக்கு வீடா! பதினாலு லட்சம் சொன்ன மனுசன் எட்டுக்கு இறங்கிட்டாரு. ஹோம்ஸ்டேக்காரங்க பாதிப் பேரு வித்துட்டுப் போக நிக்காங்க. வாங்கத்தான் ஆளில்ல அத்தான்" என்றார் வேல்முருகன்.

"எப்படி வருவான்? பட்டா பட்டயம் இல்லாத வீட்டுக்கு எந்த பேங்க்ல லோன் குடுப்பான்?" என்றார் பிச்சைமணி.

"பட்டயம் இருந்தா உங்களையும் என்னையும் கேட்டுக்குள்ளயே விட்டிருக்க மாட்டாங்க."

பிச்சைமணிக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பத்தாறு வருஷம் கொழுந்து எடுத்த சந்தனத்துக்கு இந்த மாசத்தோடு ஓய்வு. லயத்துச் சாவியை ஒப்படைத்தால்தான் கிராஜுவிட்டி வரும். கிராஜுவிட்டி வந்தால்தான் பெர்சிக்கு அட்வான்ஸ் கொடுக்க முடியும். அதுவரை சட்டிபானையை எங்கே இறக்கி வைப்பது என்றுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

"பக்கத்து வீட்டுக் கருப்பாத்தா போன வருசமே வேலைய விட்டு நின்னுட்டா. இன்னும் அங்கனதான் இருக்கா" என்றாள் சந்தனம்.

"அவ மகன் அவ இடத்துல வேலைக்கு ஏறிட்டான், லயத்து வீடு அவங்களுக்கே நின்னுடுச்சு. அந்தக் கதை நமக்கு எதுக்கு?" என்று வெட்டினார் பிச்சைமணி.

அவருக்கு மாரீஸ்வரி ஒருத்திதான். தேனியில் நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறவள், இந்தக் கடிதத்துக்காகவே பஸ் ஏறி வந்திருந்தாள்.

"எழுதும்மா. ஆறு மாசம் தவணை வேணும்னு எழுது. மாட்டேன்னுதான் சொல்லுவாரு. இருந்தாலும் எழுது."

அவள் பேனாவை உதறினாள். "அம்மா, எஸ்டேட் பேரேட்டுல உன் செக்ரோல் நம்பர் என்ன?"

"முந்நூத்திப் பதினேழு" என்று கொழுந்து நிறுவையில் நிற்பவள் போலச் சட்டென்று சொன்னாள் சந்தனம். "அது பெர்சிக்கு எதுக்குட்டி?"

"வேலை பார்த்ததுக்கு ஆதாரம் வேணாமா? பணம் வரும்னு அவருக்கு ஒரு நம்பிக்கைதான்" என்றார் வேல்முருகன்.

மாரீஸ்வரி மார்ஜின் விட்டு, தேதி போட்டு, ஒரு அடித்தல் இல்லாமல் எழுதி முடித்தாள். மடித்துக் கவரில் போட்டு, சோற்றுப் பருக்கையைத் தேய்த்து ஒட்டினாள்.

பிச்சைமணி அதை வாங்கி மச்சானிடம் நீட்டினார். "பெர்சி கையிலயே குடுத்துருப்பா. கொஞ்சம் கெஞ்சிக் கேளு."

வேல்முருகன் கவரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு படியிறங்கி பைக்கை உதைத்தார். மாரீஸ்வரி வாசலுக்கு வந்தாள்.

"மாமா, அது எஸ்டேட் மேனேஜருக்கு. ஒண்ணாந்தேதியிலருந்து அம்மா இடத்துல நான் கொழுந்தெடுக்க வாறேன்னு எழுதிருக்கேன்."