வரேன்

டயாலிசிஸ் அறைக் கண்ணாடியில் பிற்பகல் வெயில். இடது கையில் இரண்டு ஊசிகளோடு படுத்திருக்கும் தையற்காரர், விண்வெளி நாவலின் கடைசிப் பக்கத்தைக் கட்டைவிரலால் தள்ளுகிறார். நாவலைக் கொடுத்த டீச்சர் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிறார். “முடிவ மட்டும் சொல்லிடாதீங்க” என்று ஒரு மாதமாக ஒற்றைக் கையால் ஒற்றைக் காதைப் பொத்திக்கொண்ட தையற்காரர், இப்போது சிடுசிடுக்கிறார். “ராக்கெட் கதவ மூடிக்கிட்டு ‘வரேன்’ங்கிறான். அவ்வளவுதானா? வீட்டுக்கு வரானா, ஒரேயடியா போறானா?” “மூணாம் கட்டில்காரர் போன வாரம் என்ன சொல்லிட்டுப் போனாரு?” என்கிறார் டீச்சர். இருவரும் புது விரிப்புப் போட்ட காலிக் கட்டிலைப் பார்க்கிறார்கள். டீச்சரின் இயந்திரம் கூவுகிறது. நர்ஸ் ஊசிகளை எடுக்கிறாள். பஞ்சை அழுத்தியபடி வாசல்வரை போன டீச்சர் திரும்புகிறார். “வரேன்.” தையற்காரர் சட்டென எழப் பார்க்கிறார், குழாய் இழுக்கிறது.