கிளுவை வேலி

பாகம் பிரித்தபோது துளசிமணிக்குச் சாலையோரப் பாறைக்காடு வந்தது. கிணற்றோடு சேர்ந்த வயலைக் கொழுந்தன் நாச்சிமுத்து எடுத்துக்கொண்டான். புருசன் இல்லாதவளுக்கு இது போதும் என்று சொன்னதும் அவன்தான். வேலிக்கு என்ன வைப்பது என்ற பேச்சிலும் அவனே முந்திக்கொண்டான். "மருதாணி வெச்சிருங்க அண்ணி. வருசம் பூரா பச்சையா அடைச்சு நிக்கும். தனியாப் பொழைக்கற பொம்பளை, உள்ள நடக்கறது ரோட்டுக்குத் தெரியக்கூடாதுங்க." அவள் கிளுவைக் குச்சிகளை வெட்டிவந்து முழத்துக்கு ஒன்றாகத் தானே நட்டாள். "மாசி பொறந்தா எலையெல்லாம் கொட்டிப்போடுமுங்க, வெறும் முள்ளுதான் நிக்கும்," என்றான். "ஆடு நுழையாதில்ல. பாக்கறவங்க பாத்துட்டுப் போகட்டும் தம்பி," என்றாள். முதல் இரண்டு மாசியிலும் முள்ளுக்குள்ளே தெரிந்தது உடைத்த கல்லும் பாதி வெட்டிய கிணறும்தான். ஊர் பார்த்துச் சிரித்தது. மற்ற மாதங்களில் இலைக்குப் பின்னால் கடப்பாரைச் சத்தம் மட்டும் கேட்டது. மூன்றாம் வருடம் மழை பொய்த்தது. நாச்சிமுத்துவின் கிணறு அடிமண் காட்டியது. மாசியில் கிளுவை கடைசி இலையையும் உதிர்த்தபோது, காய்ந்து கிடந்த அத்தனை காட்டுக்கும் நடுவே பாறைக்குள் ஆழ வெட்டி முடித்த கிணற்றுத் தண்ணீரில் அவளுடைய வெங்காயம் தாள் விட்டு நின்றது. பஸ்ஸில் போனவர்கள் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தார்கள். நாச்சிமுத்து முள்ளைப் பிடித்துக்கொண்டு பஸ் போன பக்கம் திரும்பிப் பார்த்தான். "இது மறுபடி எப்பத் துளுக்குமுங்க அண்ணி?" துளசிமணி மண்வெட்டியால் அடுத்த பாத்திக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டாள். "கோடை மழை வரோணும் தம்பி. ஒண்ணும் அவசரமில்லை."