ஏழாவது குறை

ஆறாவது குறையை வாசித்து முடித்ததும், பிரீபன் கைதட்டலுக்காகக் கொஞ்சம் நிறுத்தினார். கிடைத்தது.

டென்மார்க்கில் வைலெ நகர நூலகத்தின் பின்னறை. சனிக்கிழமை மதியம். பொம்மைக் கட்டை அடுக்கும் பெரியவர்களின் சங்கத்தில் அன்று பதினான்கு பேர் வந்திருந்தார்கள். எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள். இதை விளையாட்டு என்று சொன்னால் ஒருவருக்கும் பிடிக்காது.

பிரீபன் வாரத்தில் ஐந்து நாள் பொய்ப்பல் செய்பவர். பதினோரு வருடமாகச் சங்கத் தலைவர். விசிட்டிங் கார்டில் இரண்டாவதை மட்டும்தான் போட்டிருந்தார்.

வாசித்தது, கட்டைகள் செய்யும் கம்பெனிக்குச் சங்கம் அனுப்பப்போகும் கடிதம். புதிதாக வந்திருக்கும் கலங்கரை விளக்கப் பெட்டியைப் பற்றி.

விலை ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது குரோனர். உள்ளே இரண்டாயிரத்து நூற்று முப்பத்துநான்கு கட்டைகள். நூறு ஓரே ஒரு குரோனர் என்ற கணக்கில், கட்டைக்கு எண்பத்தொன்பது ஓரே. அதிலும் பாதி துவரம்பருப்பு அளவு; எண்ணிக்கையை ஏற்றிக் காட்டத்தான் அவற்றைப் போட்டிருக்கிறார்கள் என்பது முதல் குறை.

பெயர்ப்பலகையை அச்சடிக்காமல் ஸ்டிக்கர் கொடுத்தது மூன்றாவது. அதை ஒரு நாகரிகத்தின் வீழ்ச்சி என்று எழுதியிருந்தார். கடற்பறவை ஒன்றே ஒன்று இருப்பது ஐந்தாவது. டென்மார்க் கடற்கரையில் ஒற்றைப் பறவையை எவன் பார்த்திருக்கிறான் என்று பின்வரிசையில் ஒருவர் உறுமினார்.

போன மாதக் கூட்டத்தில் எல்லோரும் கை தூக்கி உறுதி எடுத்திருந்தார்கள். ஒரு வருடத்துக்கு யாரும் அந்தப் பெட்டியை வாங்குவதில்லை. மீறி வாங்கியவர் தானாகவே சங்கத்தை விட்டு விலகிவிட வேண்டும்.

விலகும் விதியைச் சேர்த்ததும் பிரீபன்தான்.

ஏழாவது குறையை வீட்டில் எழுதியபோது தனக்குத் தானே சபாஷ் போட்டுக்கொண்டிருந்தார். இப்போது குரலை ஏற்றி வாசித்தார். மூன்றாம் மாடியில் காவலாளியின் மேசை இழுப்பறை, முக்கால்வாசி வந்ததும் சிக்கிக்கொள்கிறது. நகத்தைக் கொடுத்து நெம்பினால்தான் மிச்சம் வருகிறது. இந்த விலைக்கு இது அவமானம்.

வாசித்து முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

பெட்டிமேல் இருக்கும் படத்தில் அந்த இழுப்பறை மூடியிருக்கும். விளம்பரத்திலும் அப்படித்தான். அது சிக்கும் என்பது, பெட்டிக்குள் இருக்கும் பதினேழு பைகளையும் பிரித்து, கடைசிக் கட்டைவரை அடுக்கி, விரலால் இழுத்துப் பார்த்தவருக்கு மட்டும்தான் தெரியும்.

இந்தமுறை கைதட்டல் வரவில்லை.

நடவடிக்கைக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த செயலாளர் விபேக்கயின் பேனா நின்றது. யாரோ கேக்கை மெல்லுவதைப் பாதியில் நிறுத்தினார்கள். பிரீபன் கடிதத்தை அவசரமாக மடித்தார். பதினோரு வருடத் தலைமை. இன்னும் ஒரு நிமிடத்தில், தான் போட்ட விதியாலேயே தெருவில் நிற்கப்போகிறார்.

எதிரே தோர்கில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஓய்வுபெற்ற வரித் தணிக்கையாளர். மூன்று தேர்தலில் பிரீபனிடம் தோற்றவர். அவசரமே இல்லாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். அதைக் கேட்டிருந்தால் தலைவர் நாற்காலி அன்றைக்கே அவருடையது. ஆனால் ஒரு தப்பான தகவல் கண்ணெதிரே போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கத் தோர்கிலால் முடிந்ததே இல்லை.

“மூணாவது மாடி இல்லப்பா,” என்றார். “ரெண்டாவது.”

சொன்ன பிறகு அவர் முகம் போன போக்கைப் பிரீபன் ஆயுளுக்கும் மறக்கமாட்டார்.

அதற்குள் பின்வரிசைக்காரர், நெம்பவே தேவையில்லை, மேசையைக் கவிழ்த்துத் தட்டினால் தானாக வந்துவிடும் என்றார். பொறுமையில்லாதவனுக்கு எல்லாம் சிக்கத்தான் செய்யும் என்று இன்னொருவர் குத்தினார்; அடியில் இருக்கும் தகட்டைத் திருப்பிப் போட்டால் வெண்ணெய் மாதிரி வழுக்குமாம். தன் வீட்டில் மேசையே ஆடுகிறது என்று விபேக்க குறைப்பட்டுக்கொண்டாள். ஐந்து நிமிடம் அறை சந்தைக்கடையாக இருந்தது.

வாங்கினேன் என்ற சொல் மட்டும் ஒருவர் வாயிலும் வரவில்லை.

பிரீபன் மூச்சு விட்டார். அப்போதுதான் லிஸ்பெத்தைக் கவனித்தார்.

லிஸ்பெத் நர்ஸ். சங்கத்தில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அவள் மட்டும் பேசவில்லை. காய்ச்சல் பார்க்க வந்தவள்போல ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது.

உறுதிமொழியை நிஜமென்று நம்பிய ஒரே ஆள். விதிப்படி பார்த்தால் இப்போது சங்கம் என்பது அவள் ஒருத்திதான். அவள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டால் போதும், மற்ற பதிமூன்று பேரும் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். முதலில் பிரீபன்.

லிஸ்பெத் ஆறிப்போன காப்பியை ஒரு வாய் குடித்தாள்.

“என்னோடதும் ரெண்டாவது மாடியிலதான் சிக்குது,” என்றாள்.

அறை முழுக்க நாற்காலிகள் முனகின. யாரோ அவள் தட்டில் பெரிய துண்டாகக் கேக் வைத்தார்கள். விபேக்க கடிதத்தில் மூன்றாம் என்பதை அடித்து இரண்டாம் என்று எழுதினாள். கடிதம் ஏகமனதாக நிறைவேறியது. தலைவருக்கு நன்றி சொல்லும் தீர்மானத்தைத் தோர்கிலே முன்மொழிந்தார்.

வெளியே பிரீபன் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தபோது லிஸ்பெத் பக்கத்தில் வந்து நின்றாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். கடைவீதியில் இருக்கும் பொம்மைக் கடையைச் சனிக்கிழமை எத்தனை மணிக்குச் சாத்துவார்கள் என்று தணிந்த குரலில் கேட்டாள்.

பிரீபனுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“நாலு மணிக்கு. ஓடும்மா. காலைல இன்னொண்ணு வாங்க நான் போனப்ப ரெண்டு பெட்டி இருந்துச்சு. இப்ப ஒண்ணுதான் இருக்கும்.”